எம்பிஏ விண்ணப்பச் சந்தை: கோட் எழுதுகிறவர் எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

மென்பொருள் வேலையில் இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு எம்பிஏ பக்கம் திரும்புகிறவரைக் குறிவைத்து ஒரு முழுச் சந்தையே நடக்கிறது. மாதிரித் தேர்வு, பயிற்சி வகுப்பு, ரெஸ்யூமே திருத்தம், கட்டுரை ஆலோசனை, ஒத்திகை நேர்காணல் என்று தனித்தனியாகவும் விற்கிறார்கள், ஒரே பேக்கேஜாகக் கட்டியும் விற்கிறார்கள். இந்தச் சந்தையில் ஒரு கோணல் உண்டு. மென்பொருள்காரருக்கு ஏற்கெனவே கைவந்த கணக்கைத்தான் அவர் தலையில் அதிகம் கட்டுகிறார்கள். அவருக்கு வராதது வேறு: தான் பார்த்த வேலையை, கோட் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவருக்குப் புரியும்படி சொல்வது. அந்தச் சரக்கு எந்தக் கடையிலும் தயாராகக் கிடைப்பதில்லை. அதனால் கீழே வரும் மதிப்பீட்டில் தேர்வுப் பொருட்களுக்குத் தாராளமும் ஆலோசனைப் பேக்கேஜுகளுக்குக் கஞ்சத்தனமும் தெரிந்தால் அது தெரிந்தே செய்ததுதான்.

முதலில் வாங்க வேண்டியது, எம்பிஏ சேர்க்கைக்கான தேர்வான ஜிமேட்டை நடத்தும் ஜிமேக் அமைப்பே தரும் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகள். மொத்தம் ஆறு. முதல் இரண்டும் இலவசம். எம்பிஏ டாட் காமில் ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். மூன்று முதல் ஆறு வரை காசு. அசல் தேர்வில் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் அதே அல்காரிதம்தான் இவற்றிலும் ஓடுகிறது. வேறு எந்த நிறுவனமும் இதைத் தர முடியாது, அதனால் இந்த ஒரு விஷயத்தில் போட்டி என்பதே இல்லை. பயிற்சி நிறுவனங்களின் மாதிரித் தேர்வுகளில் இரண்டு கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும். கணக்குப் பகுதி அசலைவிடக் கரடுமுரடாக இருக்கும். பயமுறுத்தினால்தான் வகுப்பு விற்கும் போலிருக்கிறது. மொழிப் பகுதியில் இரண்டு விடைகளுக்கும் வாதாட இடமிருக்கும். அசல் ஜிமேட் கேள்வியில் தவறான நான்கு விடைகளும் ஏன் தவறு என்று விரல் வைத்துச் சொல்ல முடியும். போலியில் பழகினால் அந்த விரல் மழுங்கிவிடும்.

இந்த ஆறையும் செலவழிக்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஒரு தேர்வை இரண்டாம் முறை எழுதினால் பழைய கேள்விகள் தலைகாட்டும், மதிப்பெண் பொய்யாக ஏறும். ஆகவே முதல் முயற்சி ஒவ்வொன்றும் ஒரே ஒரு தோட்டா. முதல் தேர்வைப் படிப்பு தொடங்கும் முன், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் எழுதலாம். இரண்டாவதை நான்கைந்து வாரம் கழித்து எழுதலாம். மீதி நான்கையும் கடைசி ஐந்து வாரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது; அதிலும் கடைசித் தேர்வுக்கும் அசல் தேர்வுக்கும் இடையே ஐந்தாறு நாள் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் அசலைப் போலவே எழுத வேண்டும்: கணக்கு, மொழி, டேட்டா இன்சைட்ஸ் என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவேளை ஒன்று, ஆக 2 மணி 15 நிமிடம் எழுத்து. நடுவில் எழுந்து போய் ஆபீஸ் மெசேஜுக்குப் பதில் போட்டுவிட்டு வந்து எழுதிய மதிப்பெண் கணக்கில் சேராது.

மதிப்பெண்ணைப் படிக்கும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் குழப்பம் இன்னும் தீரவில்லை. ஜிமேட்டின் இப்போதைய வடிவம் 2023 நவம்பரில் 'ஃபோகஸ் எடிஷன்' என்ற பெயரில் வந்தது. 2024 தொடக்கத்தில் பழைய வடிவம் நிறுத்தப்பட்டது. இப்போது மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை, எல்லாமே 5-ல் முடியும். பகுதி மதிப்பெண் 60 முதல் 90 வரை, மூன்று பகுதிக்கும் சம எடை. பழைய 700-க்கு இணை ஏறக்குறைய இப்போதைய 645. அலுவலகத்தில் சீனியர் ஒருவர் தன் பழைய 730-ஐப் பெருமையாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு, கையில் 665 வைத்துக்கொண்டு சோர்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

மாதிரித் தேர்வு, எங்கே மதிப்பெண் விழுந்தது என்று சொல்லும். ஏன் விழுந்தது என்பதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். ஒரு ஸ்ப்ரெட்ஷீட், ஆறு பத்தி: கேள்வி வகை, எடுத்த நேரம், போட்ட விடை, சரியான விடை, அந்த விடையைப் போட்டபோது மனதில் ஓடியது என்ன, அடுத்த முறை எதைப் பார்த்துச் சுதாரிப்பேன். ஐந்தாவது பத்திதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். இதற்கென்று ஒரு டேட்டாபேஸ், ஒரு டாஷ்போர்டு, மதிப்பெண்ணைத் தானாக இழுத்து வரும் ஸ்கிரிப்ட் என்று கட்ட உட்காருவது இந்தத் தொழில்காரர்களுக்கே உரிய வியாதி. இரண்டு வார இறுதிகள் அதில் போய்விடும்.

கணக்குப் பகுதிக்குத் தனி வகுப்பு வாங்கலாமா? வேண்டாம். 21 கேள்வி, 45 நிமிடம், எண்கணிதமும் இயற்கணிதமும் மட்டும். ஜியோமெட்ரி எடுத்துவிட்டார்கள். கால்குலேட்டர் கிடையாது. பொறியியல் படித்தவருக்குப் பாடம் புதிதில்லை, இடறுவது பழக்கத்தில். பிழை கிடைக்கும்வரை விடாமல் தோண்டும் குணம் வேலையில் நல்ல பெயர் வாங்கித் தரும், இங்கே ஆளைக் கவிழ்க்கும். ஒரு கேள்விக்குச் சராசரி 2 நிமிடம் 8 நொடி. மூன்று கேள்விகளில் ஐந்தைந்து நிமிடம் உட்கார்ந்தால் மீதி 18 கேள்விக்கு 30 நிமிடம்தான், அதாவது ஒன்றுக்கு 1 நிமிடம் 40 நொடி. கடைசியில் கேள்விகள் விடுபட்டால் அதற்குத் தனியாகப் பெரிய அடி விழும். மூன்று நிமிடம் தாண்டியதும் ஒரு விடையைக் குத்திவிட்டு, அந்தக் கேள்வியைக் குறித்து வைத்து நகர வேண்டும். பகுதி முடிவில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம். 'மூன்று வரை' என்பதை நினைவில் வைத்துக் குறியுங்கள். பத்துக் கேள்வியைக் குறித்து வைத்தால் எதைத் திறப்பது என்று தேடுவதிலேயே மிஞ்சிய நேரம் கரைந்துவிடும்.

உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம், தந்த தகவலைப் படித்து முடிவு சொல்லும் டேட்டா இன்சைட்ஸ் பகுதி. பெயரைப் பார்த்ததும் 'இது நம்ம ஏரியா' என்று தோன்றும். தோன்றுவதால்தான் விழுகிறார்கள். 20 கேள்வி, 45 நிமிடம், திரையில் கால்குலேட்டர் உண்டு. ஒரே கேள்விக்குள் இரண்டு மூன்று உட்கேள்வி இருந்தால் எல்லாம் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். பாதி சரிக்குப் பாதி மதிப்பெண் கிடையாது. முன்பு கணக்குப் பகுதியில் இருந்த 'டேட்டா சஃபிஷியன்சி' (தந்த தகவல் போதுமா என்று கேட்கும் வகை) இப்போது இங்கேதான் குடியிருக்கிறது. அதில் ஒரு மாதிரியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

எக்ஸ், ஒய் இரண்டும் முழு எண்கள். எக்ஸ் கூட்டல் ஒய் இரட்டை எண்ணா? கூற்று ஒன்று: எக்ஸ் கழித்தல் ஒய் இரட்டை எண். கூற்று இரண்டு: எக்ஸ் இரட்டை எண்.

அவசரக்காரர் மனதில் இப்படி ஓடும்: எக்ஸ் இரட்டை என்று இரண்டாவது சொல்கிறது, வித்தியாசமும் இரட்டை என்று முதலாவது சொல்கிறது, எனவே ஒய்யும் இரட்டை, கூட்டினால் இரட்டை, ஆக இரண்டு கூற்றும் சேர்ந்தால் போதும். விடை தவறு. முதல் கூற்று தனியாகவே போதும்: கூட்டுத்தொகை என்பது வித்தியாசத்தோடு ஒய்யின் இரு மடங்கைச் சேர்ப்பதுதான், வித்தியாசம் இரட்டை என்றால் கூட்டுத்தொகையும் இரட்டை. எக்ஸும் ஒய்யும் இரண்டுமே ஒற்றையாக இருந்தாலும் இது நிற்கும். இரண்டாவது கூற்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த வகைக் கேள்வி 'கண்டுபிடி' என்று கேட்பதில்லை. 'கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா' என்றுதான் கேட்கிறது. விடை வரை போட்டுப் பார்க்காமல் நிம்மதியாக நகர முடியாத குணம் உள்ளவருக்கு இது நரகம். கூற்று ஒன்றைப் பார்க்கும்போது இரண்டாவதை நிஜமாகவே கையால் மறைத்துக்கொள்ளலாம்; விளையாட்டாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும். இன்னொரு பொறி: முழு எண் என்று கேள்வி சொல்லாதவரை பின்னமும், மைனஸும், பூஜ்யமும் உள்ளே வரலாம். டைப் டிக்ளேர் செய்யாத வேரியபிளை இன்டிஜர் (முழு எண்) என்று எண்ணிக்கொள்வது இங்கேயும் 'பக்'தான், அதாவது பிழைதான்.

மூன்று தாவல்களில் மின்னஞ்சல், அட்டவணை, குறிப்பு என்று தரும் 'மல்ட்டி சோர்ஸ்' தொகுப்பு பார்க்க மிரட்டும். ஒரு தொகுப்புக்குப் பெரும்பாலும் மூன்று கேள்வி வரும் என்பதால் படிக்கும் நேரம் பங்கிடப்பட்டுவிடும். மொத்தம் ஏழு நிமிடத்துக்குள் முடித்தால் கணக்கு நேர். முதலில் எந்தத் தாவலில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுக் கேள்விக்குப் போவது, முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டுப் போவதைவிட மேல். கால்குலேட்டரை மற்ற கேள்விகளில் தொடத் தொட நேரம் போகும்; வரைபடத்தைப் பார்த்து உத்தேசமாகச் சொல்லக்கூடியதே அதிகம்.

மொழிப் பகுதியில் 23 கேள்வி, வாசிப்பும் வாதத் திறனும் மட்டும். இலக்கணத் திருத்தக் கேள்விகள் போயே போய்விட்டன, கட்டுரை எழுதும் பகுதியும் போய்விட்டது. இதற்கு ஜிமேக்கின் 'அஃபிஷியல் கைடு' நல்ல கொள்முதல். அசல் தேர்வில் வந்து ஓய்ந்த கேள்விகள், கூடவே இணையத்தில் பயிற்சி செய்யும் வசதி. ஒரே எச்சரிக்கை: பழைய பதிப்பைக் குறைந்த விலைக்கு வாங்கினால் அதில் இலக்கணமும் ஜியோமெட்ரியும் பெரும் பகுதியைப் பிடித்திருக்கும், டேட்டா இன்சைட்ஸ் என்ற பெயரே இருக்காது. வாசிப்பு, வாதத் திறன் கேள்விகள் பழையதிலும் செல்லும். இங்கே வருகிற தவறு பெரும்பாலும் ஒரே ரகம்தான்: பத்தி சொல்லாததை நம் அறிவிலிருந்து சேர்த்துக்கொள்வது. ஒரு நிறுவனம் சர்வரை மாற்றியதால் செலவு குறைந்தது என்று பத்தி சொன்னால், நிஜத்தில் அப்படி நடக்குமா என்ற நம் அனுபவம் அங்கே செல்லாக்காசு.

ஜிமேட்டுக்கு மாற்றான ஜிஆர்இ தேர்வு பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான பிசினஸ் பள்ளிகள் இரண்டையும் ஏற்கின்றன. 2023 செப்டம்பரிலிருந்து அது 1 மணி 58 நிமிடத் தேர்வு. கணக்கில் கால்குலேட்டர் உண்டு, ஜியோமெட்ரியும் உண்டு. மொழியில் சொல்வளம் கேட்கும், அரை மணி நேரக் கட்டுரை ஒன்றும் உண்டு. டேட்டா சஃபிஷியன்சியோடு ஜென்மப் பகை என்றால் இதை எழுதலாம். 'பவர்பிரெப்' என்ற அதிகாரபூர்வ இலவச மாதிரித் தேர்வுகள் இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் போதும். இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் படிப்பதுதான் மோசமான தேர்வு.

காலக்கணக்கு: விண்ணப்பங்களின் முதல் சுற்று பெரும்பாலான பள்ளிகளில் செப்டம்பரில் மூடும், இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்தில். ஜிமேட்டை மறுபடி எழுத 16 நாள் இடைவெளி வேண்டும், 12 மாதத்தில் ஐந்து முறைக்கு மேல் முடியாது. செப்டம்பருக்குப் போகிறவர் முதல் முயற்சியை ஜூனில் முடித்தால்தான் இரண்டாம் முயற்சிக்கும் கட்டுரைக்கும் மூச்சு விட இடம் இருக்கும். ஆகஸ்ட் கடைசி வாரம் தேர்வு, செப்டம்பர் முதல் வாரம் கட்டுரை என்று திட்டமிடுகிறவர் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்.

இனி ஆலோசகர்கள். இந்த வியாபாரம் மூன்று வடிவத்தில் வருகிறது: பள்ளிக்கு இவ்வளவு என்று முழுப் பேக்கேஜ், மணிக்கு இவ்வளவு என்று நேரக் கணக்கு, கட்டுரைத் திருத்தம் மட்டும். இளம் மென்பொருள்காரருக்கு நேரக் கணக்குதான் சரி. மொத்தம் நான்கைந்து மணி நேரம். முதல் ஒரு மணி, கட்டுரை எழுதத் தொடங்கும் முன், எந்தக் கதைகளை எடுப்பது என்று பேச. நடுவில் இரண்டு மணி, முதல் பள்ளியின் வரைவைப் பார்க்க. மீதி நேர்காணல் ஒத்திகைக்கு. ஒரு பள்ளிக்கு ஒழுங்காக எழுதிவிட்டால் அடுத்தவற்றுக்கு அதே சரக்குதான் வேறு வடிவத்தில் போகும். ஐந்து பள்ளிப் பேக்கேஜில் ஐந்து மடங்கு காசு. ஆலோசகருக்கு ஐந்து மடங்கு வேலை இல்லை.

யாரிடம் வாங்குவது என்பதை இலவச அறிமுக அழைப்பிலேயே சோதித்துவிடலாம். நீங்கள் செய்த ஒரு வேலையை மூன்று நிமிடம் சொல்லுங்கள். பிறகு, 'இதை நீங்கள் உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். நல்ல ஆலோசகர் குறுக்கே கேள்வி கேட்பார்: அந்த முடிவை யார் எடுத்தது, எதிர்த்தது யார், நடக்காமல் போயிருந்தால் யாருக்கு நஷ்டம்? சுமாரானவர் 'சூப்பர் ப்ரொஃபைல்' என்பார். அதோடு கேட்க வேண்டியவை: அழைப்பில் பேசுகிறவரேதான் கட்டுரையையும் பார்ப்பாரா, இந்தச் சுற்றில் அவர் கையில் எத்தனை பேர், எத்தனை வரைவு வரை பார்ப்பார், ஒரு வரைவு திரும்பி வர எத்தனை நாள், அதே பள்ளிக்கு அதே பின்னணியில் வேறு எத்தனை பேரை வைத்திருக்கிறார். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால், உங்கள் கட்டுரைக்கு ஒரு இரட்டைப் பிறவி எங்கோ உருவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

'அட்மிஷன் உறுதி, இல்லையேல் பணம் வாபஸ்' என்று சொல்கிறவரின் ஒப்பந்தத்தை அடிவரை படியுங்கள். வாபஸ் என்பது பல நேரம் அடுத்த ஆண்டு அதே சேவையை இலவசமாகத் தருவதாக இருக்கும். அல்லது அவர்கள் சொன்ன பள்ளிப் பட்டியலை ஒன்றுவிடாமல் ஏற்றிருந்தால்தான் செல்லும். அந்தப் பட்டியலில் எளிதாக இடம் கிடைக்கும் பள்ளி ஒன்று ஒளிந்திருக்கும். கட்டுரையைத் தாங்களே எழுதித் தருவோம் என்கிறவரிடமிருந்து அந்த நிமிடமே விலகிவிட வேண்டும். விண்ணப்பத்தில் 'இது என் சொந்த எழுத்து' என்று உறுதி அளிக்கிறோம். சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் இடம் போகும். ஏஐ கருவிகளுக்கும் இதே பார்வைதான், பல பள்ளிகள் தங்கள் விதியை எழுதி வைத்திருக்கின்றன, சமர்ப்பிக்கும் முன் படித்துவிடுங்கள். எழுத்துப் பிழை பார்க்க வைத்துக்கொள்ளலாம். கதையை அதனிடம் கேட்டால் எல்லோருக்கும் தரும் அதே கதையைத் தரும்.

ரெஸ்யூமே திருத்தச் சேவைகளில் பாதிக்கு மேல் எழுத்துருவையும் ஓரத்தையும் சரிசெய்து தருகின்றன. வேண்டியது அது இல்லை. வேலை தேடும்போது எழுதிய வரி ஒன்று இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: 'ஆர்டர் சேவையை மோனோலித்திலிருந்து பிரித்து மைக்ரோசர்வீஸ் ஆக்கினேன்; கஃப்கா, ரெடிஸ் மூலம் பதில் நேரத்தை 800 மில்லிசெகண்டிலிருந்து 250 ஆகக் குறைத்தேன்.' வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு இது தேன். சேர்க்கைக் குழுவில் இருப்பவருக்கு இதில் ஒரு வினைச்சொல்கூடப் பிடிபடாது. அதே வேலையை இப்படி எழுதலாம்: 'பெரிய விற்பனை நாட்களில் ஆர்டர் பக்கம் முடங்கியது; அதைத் தனியாகப் பிரிக்கும் திட்டத்தை முன்வைத்து, எதிர்த்த இரண்டு டீம்களைச் சம்மதிக்க வைத்தேன்; நான்கு பேரோடு ஐந்து மாதத்தில் முடித்தோம்; அடுத்த விற்பனையில் பக்கம் ஒரு முறையும் விழவில்லை.' கருவிகளின் பெயர் போய்விட்டது. அதற்குப் பதில் பிரச்சினை, முடிவு, ஆட்கள், பலன் வந்திருக்கின்றன. ஒரு பக்கத்துக்குள் இப்படி எட்டுப் பத்து வரி எழுத முடிந்தால் ரெஸ்யூமே முடிந்தது. இதை வெளியாள் எழுத முடியாது, ஏனென்றால் எதிர்த்த இரண்டு டீம்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. எவ்வளவு தேடியும் சம்மதிக்க வைத்த கதை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் பிரச்சினை ரெஸ்யூமேயில் இல்லை. விண்ணப்பத்தை ஒரு வருடம் தள்ளிவைத்து, வேலையில் அப்படி ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குவது உத்தமம். பெரிய பள்ளிகளில் மாணவரின் சராசரி அனுபவம் ஐந்து ஆண்டை ஒட்டித்தான் இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை.

எம்ஐடியின் பிசினஸ் பள்ளியான ஸ்லோன் இதற்காகவே ஒரு நல்ல காரியம் செய்கிறது: நிறுவன அமைப்புப் படம் கேட்கிறது. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், யாருக்குப் பதில் சொல்கிறீர்கள், பரிந்துரைக்கிறவர் எங்கே என்று அதில் காட்ட வேண்டும். கூடவே 300 சொல்லுக்குள் ஒரு கவர் லெட்டர், ஒரு நிமிட வீடியோ. வேறு பள்ளிக்குப் போகிறவரும் இந்தப் படத்தை ஒரு முறை வரைந்து பார்க்கலாம். தலைப்பில் 'சீனியர்' என்று இருந்தும் படத்தின் அடிவரிசையில் நிற்பது தெரியும். எந்தெந்தக் கோடுகள் டீமுக்கு வெளியே போகின்றன என்பதும் தெரியும். அந்தக் கோடுகளில்தான் கட்டுரைக்கான கதை இருக்கிறது.

கட்டுரையின் இட நெருக்கடியை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஹார்வர்ட் 2024-ல் ஒரே பெரிய கட்டுரையைக் கைவிட்டு மூன்று சிறியவைக்கு மாறியது: 300, 250, 250 சொற்கள். ஸ்டான்ஃபோர்ட் இரண்டு கட்டுரைக்கும் சேர்த்து 1,000 சொல். 250 சொல்லில் சிஸ்டம் டிசைன் விளக்கத்துக்கு 100 சொல் போய்விட்டால் மனிதர்களுக்கு இடமில்லை. தொழில்நுட்பத்துக்கு ஒரு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். 'எம்பிஏ எதற்கு' என்ற கேள்விக்கு இந்தத் தொழிலிலிருந்து வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: ப்ராடக்ட் மேனேஜர் ஆக. எம்பிஏ இல்லாமலேயே பலர் உள்ளுக்குள் மாறிக்கொள்ளும் பதவி அது, சேர்க்கைக் குழுவுக்கும் அது தெரியும். எந்தத் துறையின் எந்தப் பொருள், இப்போது இருக்கும் இடத்திலிருந்து அங்கே போக என்ன தடுக்கிறது, அந்தத் தடையை வகுப்பறையில் எது நீக்கும் என்று மூன்றையும் சொல்ல முடிந்தால் அதே பதில் நிற்கும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு 'வழிகாட்டல்' என்று தனியாகக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. தேவையே இல்லை. பல பள்ளிகள் ஜிமேக்கின் பொதுப் பரிந்துரைப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. அதன் சாரம் இரண்டு கேள்வி: இதே பொறுப்பில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி, இவருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, அதை எப்படி எடுத்துக்கொண்டார். இரண்டாவதில்தான் எஞ்சினியரிங் மேனேஜர்கள் தடுமாறுவார்கள். 'இன்னும் டாக்குமெண்டேஷன் எழுதலாம்' என்ற ரகத்தில் ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். விண்ணப்பிக்கிறவர் செய்யக்கூடியது, கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, நடந்த சம்பவங்கள் நான்கைந்தைத் தேதியோடு ஒரு பக்கத்தில் நினைவூட்டித் தருவது. 'நீயே எழுதி அனுப்பு, நான் போட்டுவிடுகிறேன்' என்று சொல்கிற மேனேஜர் அன்பானவர்தான், ஆனால் பள்ளிகள் அதை அனுமதிப்பதில்லை. இரண்டு கடிதமும் கட்டுரையும் ஒரே நடையில் இருந்தால் படிக்கிறவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். மறுத்துப் பார்த்தும் கேட்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்பதுதான் வழி.

ஒத்திகை நேர்காணலுக்குக் காசு கொடுக்கலாம், அழைப்பு வந்த பிறகு. இரண்டு போதும். மூன்றாவதில் பதில்கள் மனப்பாடம் ஆகி, குரலில் சப்பென்று ஒரு தன்மை வந்துவிடுகிறது. ஒத்திகை எடுப்பவர் அந்தப் பள்ளியின் முறை தெரிந்தவராக இருக்க வேண்டும், ஏனென்றால் முறைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஹார்வர்டில் பேசுகிறவர் விண்ணப்பம் முழுவதையும் படித்துவிட்டு வருவார், அரை மணி நேரம். முடிந்த 24 மணி நேரத்துக்குள் நேர்காணலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும், அதை முன்கூட்டியே எழுதி வைத்தால் பல்லிளிக்கும். இன்சியாட் பிசினஸ் பள்ளியில் பதிவுசெய்யும் வீடியோ கேள்விகள் உண்டு, கேள்வி திரையில் வரும்வரை தெரியாது. இதற்கு ஆலோசகர் வேண்டாம், போன் கேமராவும் ஸ்டாப்வாட்சும் போதும். முதல் பத்துப் பதிவுகளில் பெரும்பாலோர் செய்யும் தவறு, நேரம் முடியும்போதும் பின்னணியையே விளக்கிக்கொண்டிருப்பது.

வார்ட்டன் பிசினஸ் பள்ளி தனி ரகம். ஐந்தாறு விண்ணப்பதாரர்களை ஒரு குழுவாக வைத்து 35 நிமிடம் விவாதிக்க விடுவார்கள், பிறகு பத்து நிமிடம் தனியாகப் பேச்சு. டிசைன் ரிவ்யூவில் பழகியவர்கள் இங்கே இரண்டில் ஒன்று செய்வார்கள்: அடுத்தவர் யோசனையில் ஓட்டையைத் தேடுவார்கள், அல்லது எல்லோரும் முடிக்கட்டும் என்று வாயைத் திறக்கவே மாட்டார்கள். 20-வது நிமிடத்தில் 'நேரம் இவ்வளவு இருக்கிறது, இதுவரை இந்த இரண்டில் உடன்பட்டிருக்கிறோம்' என்று தொகுத்துச் சொல்வது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய, ஆனால் ஆள் வராத வேலை. இந்த ஒத்திகைக்கு ஆலோசகர் ஒருவரோடு தனியாகப் பேசிப் பயனில்லை. ஐந்து பேர் வேண்டும். அழைப்பு வந்த மற்ற விண்ணப்பதாரர்களே தங்களுக்குள் வீடியோ அழைப்பில் கூடி, ஆளுக்கு ஒரு நிமிட அறிமுக யோசனையோடு இரண்டு மூன்று சுற்று ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்குக் காசு கிடையாது, ஒருவர் மட்டும் பேசாமல் ஓரமாக இருந்து ஸ்டாப்வாட்ச் பிடித்தால் போதும்.